பத்து லட்ச ரூபாய் வீடு

இலக்கியம் பேசும் இடத்தில் முத்திரைத் தீர்வைக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்களை நாம் அறிவோம். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சிலாகிப்பவர்களும் அவர்களேதாம். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி வீடு கட்டப் பட்ட பாடு கலை. அதே பெண் இன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் பணம் போதாமல் நிற்பது மட்டும் வெறும் லௌகீகம். இந்தப் பாகுபாட்டை நாம் ஏற்பதற்கில்லை.

வரி விதிப்பதையே நாம் எதிர்க்கவில்லை. அரசு நடக்கப் பணம் வேண்டும். ஆனால் வாங்குபவரின் கையிருப்பு கடைசிக் காசுவரை கரைந்துவிட்ட நாளில், வீட்டுக் கடனாகவும் பெற முடியாத வடிவில், அதை ஒரே தவணையில் கேட்பது அநீதி.

கணக்கைப் பார்த்துவிடுவோம். சென்னைப் புறநகரில் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு என்று கொள்வோம். 30 லட்சத்தைத் தாண்டும் கடன் என்றால், 75 லட்சம் வரை, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் தரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, கடன் 32 லட்சம், கைப்பணம் 8 லட்சம். விளம்பரங்களின் கணக்கு இத்துடன் முடிந்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் நிர்ணயித்தபடி முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 3,60,000 ரூபாய். தரகருக்கு ஒரு சதவீதம் என்றாலும் 40,000. எட்டு லட்சம் இப்போது பன்னிரண்டு லட்சமாகிவிட்டது. வழக்கறிஞர், பத்திர எழுத்தர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் ஆகியவற்றை நாம் இன்னும் தொடவேயில்லை.

இந்த உபரிச் செலவை வங்கி ஏன் தருவதில்லை? வீட்டின் விலையோடு முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் சேர்த்துக் கடனைக் கணக்கிடக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012இல் உத்தரவிட்டது. காரணம் விளங்காததல்ல. கடன் வாராமல் வீட்டை ஏலம் விட நேர்ந்தால் முத்திரைத்தாளுக்குப் போன பணம் திரும்பாது. பிறகு 2015இல் சற்றே இரங்கி, 10 லட்சத்துக்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் விலக்களித்தது. தமிழக அரசும் 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்தது. அங்கும் உச்சவரம்பு 10 லட்சமே! மும்பையும் சென்னையும் ஒருசேர இரக்கம் காட்டும் அந்தப் பத்து லட்ச ரூபாய் வீடு இந்நகரின் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொன்னால் நாமும் போய்ப் பார்த்து வருவோம்.

வங்கி தராத பணம் எங்கிருந்து வருகிறது? மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. இல்லையேல் வட்டி கூடிய தனிநபர் கடன். தகப்பன் சொத்து உள்ளவருக்கு இது ஒரு காசோலை. இல்லாதவருக்கோ, மாதத் தவணையைக் கட்டும் சம்பளம் இருந்தும் பத்திரப் பதிவிலேயே கதவு சாத்தப்படுகிறது.

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. 2023 டிசம்பரில் அரசு செய்த ஏற்பாட்டின்படி, அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சம் வரையென்றால் மொத்தம் 6 சதவீதம். 3 கோடி வரை 7 சதவீதம். நம் 40 லட்ச ரூபாய்ப் பழைய வீட்டுக்கோ 9 சதவீதம். இரண்டு கோடிக்குப் புதுக் குடியிருப்பு வாங்குபவரைவிட உயர்ந்த விகிதத்தில் வரி செலுத்துபவர் பழைய வீட்டுக்காரர்! கட்டுமானத்திலிருக்கும் குடியிருப்புக்கு ஜிஎஸ்டி தனியாக உண்டென்று சிலர் சொல்லக்கூடும். கட்டி முடித்து நிறைவுச் சான்று பெற்றதற்கு அதுவும் இல்லையே.

தீர்வை என்றால் ஒரே நாளில்தான் வாங்க முடியும் என்பாரும் உளர். அவர்கள் சொத்துவரியைப் பார்க்கட்டும். 2022இல் தமிழகம் முழுவதும் அதை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியபோது முணுமுணுப்பு எழுந்தது; ஆனாலும் மக்கள் கட்டுகிறார்கள், அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவதால் கட்ட முடிகிறது. முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியையும் புதிதாக வந்தவரிடம் கேட்க மாநகராட்சிக்குத் தெரிந்திருக்கிறது. வீடு எங்கும் ஓடிவிடாது என்ற தைரியம்தான்.

அதே தைரியம் பதிவுத்துறைக்கும் வரலாம். முதல் வீடு வாங்குவோருக்கு, 50 லட்சம் வரை, பழையது புதியது என்ற பேதமின்றி ஒரே விகிதம் வேண்டும். அதையும் பத்து அரையாண்டுத் தவணைகளில் கட்ட அனுமதி வேண்டும். இன்றைய 9 சதவீதத்திலேயே கணக்கிட்டாலும் நம் உதாரண வீட்டுக்குத் தவணை 36,000 ரூபாய்தான். பாக்கியை வில்லங்கச் சான்றில் ஒரு வரியாகப் பதித்துவிட்டால் அதை மறைத்து வீட்டை விற்கவும் எவராலும் இயலாது.