வாக்குத்தத்த அட்டையில் வராத வசனங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு தட்டை நீட்டுவார்கள். தட்டு நிறையச் சின்னச் சின்ன அட்டைகள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்கவேண்டும். அதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். எங்கள் வீட்டில் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவோம். சிலர் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். நல்ல அட்டை வந்தால் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும். சுமாராக வந்தால், "இன்னொண்ணு எடுத்துப் பாரேன்" என்பாள்.

நாற்பது வருஷமாக எடுத்த அட்டைகளை யோசித்துப் பார்க்கிறேன். ஆசீர்வதிப்பது, உயர்த்துவது, பெருகப்பண்ணுவது, கூடவே இருப்பது. எல்லாமே எனக்கு வரவேண்டியவை. கூலிக்காரனுக்கு அன்றன்றைய கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடச் சொல்லும் வசனம் ஒரு தடவைகூட எனக்கு வந்ததில்லை. வராது, ஏனென்றால் அதை அச்சடிப்பதே இல்லை. அது இருப்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தில். நான்கு அதிகாரம் தள்ளி 28இல் இருக்கும் ஆசீர்வாதங்கள் மட்டும் வருஷம் தவறாமல் தட்டில் வந்துவிடுகின்றன. அந்த 28ஆம் அதிகாரமும் ஒரு நிபந்தனையோடுதான் தொடங்குகிறது: கட்டளைகளின்படி செய்தால். அட்டை சின்னது, அதற்கு இடமில்லை போலும்!

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். சபைக்கு வெளியே நின்று கல்லெறிகிற ஆளில்லை. ஞாயிறு தவறினால் உள்ளுக்குள் உறுத்துகிற ஜாதிதான். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

விசுவாசத்தைக் கிரியையில் காட்டவேண்டும் என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? கிறிஸ்துமஸுக்கு முதியோர் இல்லத்தில் பிரியாணிப் பொட்டலம், மழைக்காலத்தில் போர்வை, பின்னால் ஒரு பேனர், முன்னால் ஒரு போட்டோ. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் வேலூர் மருத்துவமனையையும் டோனாவூரையும் எடுத்து வைப்போம். ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதையும், எமி கார்மைக்கேல் கோவிலுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளைத் தேடிப் போனதையும் நம் தாத்தா வாங்கிப்போட்ட வயலைப்போலப் பேசுவோம். அவர்கள் செய்தது அவர்கள் கணக்கில் இருக்கிறது. நம் கணக்கில் என்ன இருக்கிறது?

என் கணக்கில் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக ஒரு அக்கா வேலை செய்கிறார்கள். மாசம் மூவாயிரம். அவர்களுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் பின்வாசல் ஜன்னல் திண்டில் இருக்கும். அதை யாரும் எடுத்து உள்ளே வைத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல், மே இரண்டு மாசம் அவர்கள் வரமுடியவில்லை. அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசி, "வேலைக்கே வரலை, இருந்தாலும் பாதி கொடுப்போம்" என்று முடிவெடுத்தோம். இரக்கப்பட்டுவிட்டதாகவே நினைத்தோம். எனக்கு அந்த இரண்டு மாசமும் முழுச் சம்பளம் வந்தது. நானும் அலுவலகம் போகவில்லை! தசமபாகத்தை ஒரு ரூபாய் குறையாமல் சபையின் கணக்குக்கு அனுப்பினேன். ஆலயம் பூட்டியிருந்தாலும் காணிக்கை நிற்கக்கூடாது என்று ஐயர் யூடியூபில் சொல்லியிருந்தார்.

ஒற்தலாமையும் சீரகத்தையும்கூட எண்ணிப் பத்தில் ஒன்று கொடுத்துவிட்டு நீதியை விட்டுவிட்டவர்களைப் பற்றி இயேசு பேசிய இடம் மத்தேயு 23. சின்ன வயசில் அதைப் படிக்கும்போது பரிசேயர்கள் என்றால் தாடி வைத்த யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும். "தம்பி, கிரியையினாலே ரட்சிப்பு இல்ல, விசுவாசத்தினாலதான். லூத்தர் எதுக்குச் சண்டை போட்டார்?" சரி, லூத்தர் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று சொன்னது உண்மைதான். அதே லூத்தர் 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது ஊரைவிட்டுப் போகாமல் இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். அண்டை அயலானை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடக்கூடாது என்று எழுதவும் செய்தார். விசுவாசம் மட்டும் போதும் என்று சொன்ன மனுஷன் அந்த விசுவாசத்தோடு எங்கே நின்றார் என்பதையும் சேர்த்துத்தானே படிக்கவேண்டும்? நாம் பாதி லூத்தரைப் படித்திருக்கிறோம், வசதியான பாதியை.

கூலியாவது காசு விஷயம், மனசு வைத்தால் சரிசெய்துவிடலாம். சாதிதான் நம் தொண்டையில் சிக்கிய முள்.

மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குக் காலடியும் கொடுக்கும் சபையை யாக்கோபு கண்டிக்கிறார். தமிழ்ச் சபைகளின் வரலாற்றில் பெரிய சண்டையெல்லாம் இந்த உட்காரும் இடத்தைப் பற்றித்தான். சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706. நூறு வருஷம் கழித்தும் ஆலயத்துக்குள் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் அதற்கு முன்பே, சாதி வழக்கத்தில் கைவைத்த இளம் மிஷனரிகளை எதிர்த்து எழுதியிருந்தார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம். பாடட்டும், நானும் பாடுகிறேன். ஆனால் இதையும் தெரிந்துகொண்டு பாடவேண்டும்.

கத்தோலிக்கர்கள் பக்கம் வடக்கன்குளம். இரண்டு சாதிகளுக்கு இரண்டு கூடம், இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பீடம் என்று 1872இல் கோயில் கட்டினார்கள். கால்சட்டை மாதிரி இருந்ததாம். ஆண்டவர் இடுப்பில், ஜனங்கள் ஆளுக்கொரு காலில்! 1910இல் நடுச்சுவரை இடித்தபோது, இடித்தது தவறென்று வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். பழைய கதை என்று சொல்லமுடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதில் மூண்ட கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போவதில் முடிந்தது. எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

"எங்க சபையில அதெல்லாம் கிடையாது, அசனத்துல எல்லாரும் ஒரே பந்திதான்" என்பார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அசனம் அருமையான விஷயம்தான். வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்து, விடிய விடிய சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. அந்தச் சாம்பாருக்கு ஈடு கிடையாது. ஆனால் பந்தியில் உட்கார்ந்திருப்பது யார்? எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகள் பலவும் ஒரே சாதிச் சபைகள். சொந்தக்காரனோடு ஒரே பந்தியில் சாப்பிட இயேசு எதற்கு? அந்தத் தெருவுக்கு அந்தக் கோயில், இந்தத் தெருவுக்கு இந்தக் கோயில். சுவரை நாம் இடிக்கவில்லை, ஊருக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

தெரியவேண்டுமென்றால் கல்யாணம் பேசும்போது கூட இருந்து பாருங்கள். என் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் டாக்டர், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை, வாலிபர் கூட்டத்தில் பேசுகிறவன், குடி கிடையாது. "தேவசித்தம் என்னன்னு காத்திருந்து ஜெபிப்போம்" என்றார் சித்தப்பா. மூன்று நாள் ஜெபித்தோம். நாலாம் நாள் பையனின் ஊர் விசாரித்துத் தெரிந்தது. "ஆண்டவர் சமாதானம் தரலை" என்றார்.

"என்ன சித்தப்பா, ஜெபத்துல வந்த பதிலா, ஊர்ல இருந்து வந்த பதிலா?"

"ஏல, உனக்கு உலகம் தெரியாது. நாளைக்கு அவங்க வீட்ல போய் நம்ம புள்ள எப்படி..." என்று இழுத்தவர், முடிக்கவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கையிடம் யாருமே எதையும் கேட்கவில்லை. ஆறு மாசத்தில் சித்தப்பா பார்த்த இடத்தில் ஓலை வாசித்தாயிற்று. ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு ஐயர் கேட்டார்.

சாதியின் பெயரைக்கூடச் சொல்லாமல் ஆண்டவர் பெயரால் அதைக் காப்பாற்றிக்கொள்கிற இந்தத் திறமைதான் என்னைப் பயமுறுத்துகிறது. வடக்கன்குளத்துக்காரர்களாவது சுவரைச் சுவர் என்று சொல்லி நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

போன வருஷம் ஏதோ கணக்கு எழுதும்போது அந்த இரண்டு மாசத்துப் பாதிச் சம்பளம் கண்ணில் பட்டது. மறுநாள் மூவாயிரத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

"இது எதுக்கு தம்பி?"

"கொரோனா அப்ப ரெண்டு மாசம் பாதிதான் கொடுத்தோம்லா, அந்த மிச்சம்."

கொஞ்ச நேரம் பணத்தையே பார்த்தார்கள். "அப்பம் ஒரு மகமை ஆளுகிட்ட வட்டிக்கு அஞ்சாயிரம் வாங்குனேன் தம்பி. அது இன்னும் அடையல" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு பாத்திரம் தேய்க்கப் போனார்கள்.