முன்னதாகவே கிளம்பியிருக்கக் கூடாதா?

பயணம் தவறியவனுக்கு நம் நாட்டில் கிடைக்கும் முதல் ஆறுதல் இந்தக் கேள்விதான். பெரும்பாலும் கடைசி ஆறுதலும் இதுவே. அகர்தலாவில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போகும் வழியில், கொல்கத்தாவில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட எங்கள் இருவரிடமும் இதைக் கேட்காதவர் இல்லை. உறவினர் கேட்டனர், உடன் பணியாற்றுவோர் கேட்டனர், எங்கள் இலக்கிய வட்டத்தின் மூத்த அன்பர் ஒருவர் இரண்டு முறை கேட்டார். அவர்மீது எங்களுக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அவரது கேள்வியை மறுப்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

எவ்வளவு முன்னதாகக் கிளம்பினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊத்துக்கோட்டைக்கு ரயில் கிடையாது. திருவள்ளூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ சென்றால்தான் தண்டவாளத்தைக் கண்ணால் காணலாம். சென்னையில் விமானம் காலை 10.35க்கு. நாங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நின்றது விடியற்காலை 4.30க்கு. பெரியபாளையம் கடந்து, ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் லாரிகளின் பின்னால் ஊர்ந்து, செங்குன்றத்து நெரிசலில் நின்று, கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் வண்டி மாறி விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டு. ஊத்துக்கோட்டைக்காரனுக்கு இணைப்புப் பயணம் என்பது கொல்கத்தாவில் தொடங்குவதன்று, வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுவது. பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டால் ஆரணியாற்றுத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து அறுந்துபோன ஆண்டுகளைப் பார்த்தவர்கள் நாங்கள். முன்னதாகக் கிளம்புவதை எங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எட்டு மணிக்கு வந்து அமர்ந்தவர்களை ஏற்றிக்கொண்டு, 10.35க்குக் கிளம்ப வேண்டிய விமானம் 11.45க்குக் கிளம்பியது. காரணம் சொல்லப்படவில்லை. ‘இயக்கக் காரணங்கள்’ என்றொரு சொற்றொடர் மட்டும் இரண்டு மொழிகளில் ஒலித்தது. தமிழ் அவற்றுள் ஒன்றன்று. (தமிழ்நாட்டு மண்ணிலிருந்து கிளம்பும் விமானத்தில் இது ஏன் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இப்போது வேண்டாம்.)

கொல்கத்தாவில் இறங்க வேண்டியது 12.55க்கு, அங்கிருந்து அகர்தலா விமானம் 3.00க்கு. இடையில் இரண்டு மணி ஐந்து நிமிடம். தாராளமாகத் தோன்றும் இந்தக் காலத்தை அருகில் சென்று பாருங்கள். புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுகிறார்கள். ஆகவே கையில் இருந்தது 65 நிமிடம். அதற்குள் விமானத்திலிருந்து இறங்கி, பெல்ட்டில் பெட்டி வரும்வரை காத்திருந்து, வெளியே போய், புறப்பாட்டு வாயிலில் மீண்டும் அடையாள அட்டை காட்டி உள்ளே வந்து வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் தரையைத் தொட்டபோதே மணி 2.05. பெட்டி கைக்கு வந்தபோது 2.30. விமானம் அங்கேயேதான் நின்றிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த இளைஞர் கணினியைப் பார்த்து ஒன்று சொன்னார். பெயர்த்தால் இக்கட்டுரையின் தலைப்பு வரும்.

இங்கே ஒரு செய்தி. இரண்டு சீட்டுகளையும் நாங்கள் தனித்தனியே தேடி வாங்கவில்லை. ஓர் இணையதளம், சென்னை முதல் அகர்தலா வரை ஒரே பயணமாக, ஒரே திரையில், ஒரே தொகைக்கு விற்றது. பணம் ஒருமுறைதான் போயிற்று. ஆனால் வந்து சேர்ந்தவை இரண்டு நிறுவனங்களின் இரண்டு சீட்டு எண்கள். கீழே, எறும்பு எழுத்தில், இணைப்பு தவறினால் பொறுப்பு பயணியுடையது என்றிருந்ததைப் பிற்பாடு கண்டோம். விற்கும்போது இணைப்பு, தவறும்போது பிரிவு! அகத்திணை கற்பிக்கும் எங்களுக்கே இந்தப் பிரிவின் துறை விளங்கவில்லை.

அன்று மாலை விமானங்களில் இடமில்லை. ரயிலில் போகலாமென்றால், வங்கதேசத்தைச் சுற்றிக்கொண்டு அஸ்ஸாம் வழியாக ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். மறுநாள் காலை விமானத்துக்கு, அந்த நேரத்து விலையில், இரண்டு புதிய சீட்டுகள் வாங்கினோம். உடன் வந்தவர் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு பணி நீட்டிப்பை எதிர்நோக்கி நிற்பவர். கருத்தரங்கில் கட்டுரை வாசித்த சான்றிதழ் ஒன்று அவருக்கு நம்மைப்போல் அலமாரிக் காகிதமன்று. அவரது ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்தச் சீட்டில் போயிற்று. “ஐயா, வீட்டில் தொகையைச் சொல்லாதீர்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்றிரவு விமான நிலைய நாற்காலிகளில் சாய்ந்து கிடந்தோம். எங்கள் ஊருக்கு அடுத்த சுருட்டப்பள்ளியில், நஞ்சுண்ட களைப்பில் அம்மையின் மடியில் தலைவைத்துச் சாய்ந்திருக்கும் சிவனின் நினைவு வந்தது. அவருக்காவது மடி இருந்தது.

இனி மூத்த அன்பரின் கேள்விக்கு வருவோம்.

2016 ஜூன் 11 அன்று ஒருவர் குடும்பத்தோடு அஜ்மீர் – ஜம்மு எக்ஸ்பிரஸில் சென்றார். ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் விமானம் பகல் 12 மணிக்கு. ரயில் காலை 8.10க்கு ஜம்மு சேர வேண்டும். ஏறக்குறைய நான்கு மணி நேர இடைவெளி! இதைவிட முன்னதாகத் திட்டமிட எவரால் இயலும்? ரயில் ஜம்மு சேர்ந்தது 12 மணிக்கு. விமானம் போயிற்று. அவர்கள் வாடகைக் கார் பிடித்து மலைப்பாதையில் ஸ்ரீநகர் போனார்கள். தால் ஏரியில் பதிவு செய்திருந்த தங்குமிடப் பணமும் போயிற்று. அவர் நுகர்வோர் மன்றத்துக்குச் சென்றார். மாவட்டம், மாநிலம், தேசியம் என ஒவ்வொரு படியிலும் தோற்ற ரயில்வே, உச்ச நீதிமன்றம் வரை வந்தது. தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்லர் என்று தங்கள் விதிப்புத்தகமே சொல்வதாக வாதிட்டது. 2021 செப்டம்பர் 6 அன்று நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, அனிருத்தா போஸ் அமர்வு அதனை ஏற்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் தன் கையை மீறியது என்று மெய்ப்பிக்க வேண்டியது ரயில்வே. மெய்ப்பிக்காவிட்டால் இழப்பை அதுவே ஏற்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். கார் செலவுக்கு 15,000 ரூபாய், தங்குமிடப் பதிவுக்கு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 என்று மன்றம் வழங்கியது நிலைத்தது.

தொகை சிறிது. ஆனால் கேள்வி இடம் மாறிற்று என்பதைக் கவனியுங்கள். ‘நீ ஏன் முன்னதாக வரவில்லை’ என்பது போய், ‘நீ ஏன் தாமதமாக வந்தாய், காட்டு’ என்றாயிற்று. சீட்டும் வேறு, நிறுவனமும் வேறு, ஒன்று தரையில் ஓடுவது, மற்றது வானில் பறப்பது. எனினும் தாமதித்தவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

வான்வழிக்கு என்ன விதி? சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளில் இழப்பீடு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. விமானம் ரத்தானாலோ, ஒரே சீட்டு எண்ணில் பதிவான இணைப்பு தவறினாலோ, பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை உச்சவரம்பு. வெறும் தாமதத்துக்குச் சிற்றுண்டி. ஆறு மணி நேரத்துக்கு மேலானால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப. ‘ஒரே சீட்டு எண்’ என்ற அந்த மூன்று சொற்களில்தான் எங்களைப் போன்றோர் விழுந்து மறைகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதியும் ஒரே பதிவைத்தான் பார்க்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் அங்கே இறுதி இடத்தை மூன்று மணி நேரம் தாமதமாக அடைந்தாலே, நிறுவனத்தின் கைமீறிய அசாதாரணக் காரணம் இல்லாதபோது, 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். தாமதத்துக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது. இங்கே அதன் விலை ஒரு சாண்ட்விச்.

மழையையும் மூடுபனியையும் எவரும் குறை சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தபோது, இந்தப் பக்கத்து மக்கள் நன்றியோடுதான் பார்த்தார்கள். தாமதம் நேர்வது குற்றமன்று. தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே எங்கள் வழக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். வானூருக்கு இளைத்தவன் பயணி.

இன்னொன்று. விமானத் துறையின் கணக்கில் 15 நிமிடம் வரை தாமதம் தாமதமே அன்று. அது ‘சரியான நேரம்’ என்றே பதிவாகும். முல்லைப் பாடல்களில் தலைவன் குறித்த கார்காலம் வந்துவிடும், அவன் வரமாட்டான், தோழி, ‘இது கார் அன்று, பருவமல்லாத மழை’ என்று தலைவியைத் தேற்றுவாள். தோழியின் பொய் அன்பினால் விளைந்தது. அங்கேகூடக் காலம் குறித்துப் பிழைத்தவன்மீதுதான் பழி; ‘நீ ஏன் நம்பிக் காத்திருந்தாய்’ என்று தலைவியை எவரும் கேட்பதில்லை. நமக்கோ 60 நிமிடக் கவுண்டரில் ஒரு நிமிடச் சலுகை கிடையாது.

கட்டணத்தைக் குறைத்துச் சீட்டு வாங்கினால் இப்படித்தான் என்கிறார் அன்பர். உடான் திட்டம் 2017இல் பறக்கத் தொடங்கியபோது, ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானம் ஏற வேண்டும் என்றார் பிரதமர். நல்ல வாக்கு. ரப்பர் செருப்புக்காரர் குறைந்த விலைச் சீட்டைத்தான் வாங்குவார், ஐயா. அவரால் வாங்க முடியாதது இரண்டாவது சீட்டு.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? ஒரே பயணமாக விற்றவர் ஒரே பயணமாகப் பொறுப்பேற்கட்டும். ஒரே நிலையத்தில் தாமதமாக இறங்கிய பயணிக்கு, விமானம் கண்ணெதிரே நிற்கும்போது, கவுண்டர் சற்று வளைந்து கொடுக்கட்டும். மனமிருந்தால் அரசு எவ்வளவு விரைவாக இயங்கும் என்பதை 2025 டிசம்பரில் பார்த்தோம். இண்டிகோ நிறுவனம் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்து, பிற விமானங்களில் கட்டணம் எகிறியபோது, சில நாட்களுக்குள் 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு வந்துவிட்டது.

அந்த நிகழ்வையும் மூத்த அன்பரின் பார்வைக்கு வைக்கிறோம். விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. முதற்கட்டம் 2025 ஜூலையில், இரண்டாம் கட்டம் நவம்பரில். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கையில் இருந்தும் போதிய விமானிகள் இல்லை என்று நிறுவனம் கைவிரித்தது. அதற்குத் தற்காலிக விலக்கும் கிடைத்தது. ஒரு முழு நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்திருந்த பயணிகளும் அந்த வாரம் நிலையத் தரையில்தான் படுத்திருந்தார்கள். முன்னதாகவே கிளம்பியிருக்கக் கூடாதா என்று அந்த நிறுவனத்திடம் அவர் கேட்டதாக எங்களுக்குத் தகவல் இல்லை.

நாங்கள் அகர்தலா சேர்ந்தபோது எங்கள் அமர்வு முடிந்து மதிய உணவு நடந்துகொண்டிருந்தது. அமைப்பாளர்கள் நல்லவர்கள், நிறைவு விழாவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தார்கள். உடன் வந்தவர் கட்டுரையைப் பாதி வாசித்தார். சான்றிதழ் கிடைத்தது. திரும்பும் பயணத்தில் கொல்கத்தாவில் ஒன்பது மணி நேர இடைவெளி விட்டிருந்தோம். அன்று விமானங்கள் இரண்டும் நேரத்துக்கு வந்தன.