துணி மாஸ்க்: 2020 மார்ச்சில் வேண்டாம், ஏப்ரலில் வேண்டும்! ஏன் இந்த மாற்றம்?

அறிகுறி இல்லாதவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை. 2020 மார்ச் மாதம் முழுக்க நாம் கேட்டது இதுதான். ஏப்ரல் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ஆலோசனையோ, வெளியே போகும்போது வீட்டில் தைத்த துணி மாஸ்க் அணியச் சொன்னது. எதை நம்புவது?

ஏன் மாறியது?

காய்ச்சல், இருமல் தொடங்கும் முன்பே ஒருவரிடமிருந்து கரோனா பரவலாம். ‘எனக்கு ஒண்ணுமில்லையே’ என்று ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கே தொற்று இருக்கலாம். அவர் பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகளைத் துணி பெருமளவு தடுத்துவிடும். அதனால், அணிபவரைவிட எதிரில் நிற்பவருக்குத்தான் இந்த மாஸ்க் அதிகப் பாதுகாப்பு.

கடையில் வாங்கினால் என்ன?

மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கை 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று 2020 மார்ச் 21-ல் மத்திய அரசு உத்தரவு போட வேண்டி வந்தது. அவ்வளவு தட்டுப்பாடு! காய்கறி வாங்கப் போன நாம் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தால், வார்டில் நின்ற நர்ஸுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

எந்தத் துணி நல்லது?

நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. பழைய பெட்ஷீட், தலையணை உறை, வேட்டி எதுவானாலும் சரி. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட கையேட்டின்படி, இரண்டடுக்கு பருத்தித் துணி நுண்துகள்களைத் தடுப்பதில் சர்ஜிக்கல் மாஸ்க்கில் சுமார் 70 சதவீதத் திறன் கொண்டது. துணிக்குப் பின்னால் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் இன்னொரு அடுக்கு சேருங்கள். ஆனால், மூச்சு முட்டக் கூடாது.

எப்படித் தைப்பது?

1. துணியை உப்புப் போட்ட கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, அலசிக் காயவையுங்கள்.
2. பெரியவர்களுக்கு 9க்கு 7 இன்ச், குழந்தைகளுக்கு 7க்கு 5 இன்ச் அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் அடியுங்கள்.
3. கீழ்நோக்கி மூன்று மடிப்பு வைத்து, இரு பக்கமும் தையுங்கள்.
4. எலாஸ்டிக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதே துணியில் நீளமாக நாடா வெட்டி நான்கு மூலையிலும் தைத்துவிடுங்கள்.

மெஷின் இல்லையா? கைத்தையலே போதும். மூக்கிலிருந்து தாடைக்குக் கீழ் வரை மூட வேண்டும், பக்கத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

துவைப்பதில்தான் விஷயமே!

ஆளுக்கு இரண்டு மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று. வெளியே போய் வந்ததும் நாடாவைப் பிடித்துக் கழற்றி, சோப்பு போட்டு வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் 5 மணி நேரம் காயவிடுங்கள். வெயில் இல்லாவிட்டால் குக்கரில் 10 நிமிடம் அல்லது சாதாரணப் பாத்திரத்தில் 15 நிமிடம் கொதிக்கவைக்கலாம். ஈரமான மாஸ்க்கைத் தொடர்ந்து போட்டிருக்காதீர்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்றாலும் ஒருவருடையதை மற்றவர் போடக் கூடாது.

யாருக்கு இது போதாது?

மருத்துவப் பணியாளர்கள், கரோனா நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள். இவர்களுக்கு மருத்துவ மாஸ்க்தான் வேண்டும்.

மற்றவர்களுக்கும் இது வெளியே சுற்றுவதற்கான பாஸ் இல்லை. இடைவெளி விட்டு நிற்பதும் கை கழுவுவதும் அப்படியே தொடர வேண்டும். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினால், தைத்த உழைப்பு வீண். எதிரில் நிற்பவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.