யெஸ்ஸா, பிங்க் ஃப்ளாய்டா?

ப்ராக் ராக் கேட்கிற இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் போகாது. என் ஓட்டு பிங்க் ஃப்ளாய்டுக்குத்தான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

திறமை என்று பார்த்தால் யெஸ்தான். 1972-இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாடல்கள். தலைப்புப் பாடல் மட்டும் 18 நிமிடத்துக்கு மேல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க! ஸ்டீவ் ஹோவின் கிடாரும் ரிக் வேக்மனின் ஆர்கனும் மூச்சுவிட விடாது.

ஆனால் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) வேறு ரகம். மனநிலை சிதைந்து 1968-இல் குழுவை விட்டுப் பிரிந்த சிட் பேரட்டின் நினைவு அதில் நிறைய இருக்கிறது. அந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த ஒரு குண்டு மனிதர் ஸ்டுடியோவுக்குள் வந்தார். அது சிட்தான் என்று பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை...

சிட்டுக்கான பாட்டில் கில்மரின் கிடாரில் திரும்பத் திரும்ப வருவது நான்கே ஸ்வரங்கள். கிடார் கற்றுக்கொள்கிற யாரும் வாசித்துவிடலாம். ஆனால் நண்பனைத் தொலைத்தவனுக்குத்தான் அது கேட்கும்.

யெஸ்ஸைக் கேட்டால் கைதட்டத் தோன்றுகிறது. இதைக் கேட்டால், ரொம்ப நாளாகப் பேசாமல் விட்ட நண்பனுக்கு ஒரு போன் போடத் தோன்றுகிறது. எனக்கு அது போதும்.