பேசுகிற சிங்களமும் கையொப்பம் வைக்கிற சிங்களமும்

மலையக இளைஞர்களுக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் தவறாமல் சொல்வது, "சிங்களம் படியுங்கள்" என்பது. ஹட்டன் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் அந்தப் புத்திமதி எவ்வளவு பிந்தி வருகிறது என்று விளங்கும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்து திரும்பிய பிள்ளைகள் தடங்கலின்றிச் சிங்களம் பேசுகிறார்கள். யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்ததல்ல அது.

ஆனால் அவர்கள் கற்றது பேச்சுச் சிங்களம். நான் போகிறேன் என்பதற்கு "மம யனவா". நாங்கள், அவர், அவர்கள் எல்லோருக்கும் அதே "யனவா"தான். எழுத்தில் "மம யமி", "அபி யமு", "ஒஹு யயி" என்று ஆளுக்கொரு விகுதி வந்துவிடும். பேச்சில் "எயா" என்றவர் எழுத்தில் "ஒஹு" ஆகிறார். பின்லாந்தில் குடியேறியவர்களுக்கும் இப்படியொரு சிக்கல் உண்டு. வகுப்பில் படித்த "மினா" தெருவில் "மா" என்று சுருங்கிக் கிடக்கும். அவர்கள் ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கத் தடுமாறுகிறார்கள். நம் பிள்ளை தெருவில் கற்றுக்கொண்டு ஏட்டின் முன் நிற்கிறது.

அந்த ஏடு பல வேளைகளில் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னது எழுத்துச் சிங்களத்தில் வாக்குமூலமாகிறது. கீழே கையொப்பம் கேட்கப்படுகிறது. சந்தையில் பேரம் பேசப் போதுமான சிங்களம் இங்கே உதவாது. இன்னும் சொன்னால், "உனக்குத்தான் சிங்களம் தெரியுமே" என்று மொழிபெயர்ப்பை மறுக்கவே அது காரணமாகிவிடலாம்.

இதன் விலை என்னவென்று வடக்கு கிழக்கு வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1993இல் கைதான மட்டக்களப்புத் தொழிலாளி சிங்கராசா, சிங்களத்தில் தயாரிக்கப்பட்ட குற்ற ஒப்புதலில் கைநாட்டு வைத்தவர். அவருக்குச் சிங்களம் தெரியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்த ஒப்புதலே அவரைச் சிறைக்கு அனுப்பியது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. 2006இல் உயர் நீதிமன்றம் அவரது மனுவை நிராகரித்தது.

சட்டத்தில் குறையா என்றால், காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தப்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நிர்வாக மொழி சிங்களம். மொழிச் சிறுபான்மையினர் எட்டில் ஒரு பங்கைத் தாண்டும் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக ஜனாதிபதி அறிவிக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பாதிக்கும் மேல். அங்கேயும் "சிறுபான்மை" என்ற வாசல் வழியாகத்தான் தமிழ் உள்ளே வர வேண்டியிருந்தது, அதுவும் 1999இல்தான். பின்லாந்தில் சுவீடிய மொழி பேசுவோர் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர். ஒரு நகரசபையில் அவர்கள் 8 வீதமோ 3000 பேரோ இருந்தால் அது இருமொழி நகரசபை. யாருடைய விருப்பத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

2007 ஜூலைக்குப் பின் சேர்ந்த அரச ஊழியர்கள் ஐந்து வருடங்களுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையே இருக்கிறது. அதாவது கற்கும் கடமை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு. தோட்டத்துப் பெண்ணொருத்தி முறைப்பாடு கொடுக்கப் போகும்போது, சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த யாரைக் கூட்டிப் போவது என்று லயத்தில் ஆள் தேடுகிறார்களே, அந்தத் தேடலை எந்தச் சுற்றறிக்கையும் அவர்கள் தலையில் வைக்கவில்லை.