முதலில் அளவு, பிறகு மெஷின்

யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் சிலிண்டர், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை. அது ஒரு தலைமுடி கனத்துக்குக் கூடுதலாகத் தேய்ந்துவிட்டாலே போதும். வண்டியின் இழுவை குறையும், பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தேய்மானத்தைச் சுற்றித்தான் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் என்கிற தொழில் நடக்கிறது. ஆனால், வீட்டில் ஒரு சின்னப் பட்டறை போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் விலை விசாரிப்பது மேசைமேல் வைக்கும் மினி லேத்தை. அடுத்து இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், அதற்கடுத்து ஆங்கிள் கிரைண்டர். அளக்கும் கருவி பட்டியலின் கடைசியில் வரும். பல நேரம் வராமலே போகும். இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். வீட்டுப் பட்டறைக்குள் முதலில் நுழைய வேண்டியவை மைக்ரோமீட்டரும் பெஞ்ச் வைஸும் அரமும்தான். மெஷின்கள் அவற்றுக்குப் பின்னால் வரலாம். பெரிய மெஷின்கள் வீட்டுக்கு வரவே வேண்டாம். பலரும் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக அவை ஊரில் இருந்தால் போதும்.

அளவைப் பற்றி முதலில் பேசுவோம். மைக்ரோமீட்டர் என்பது அடிப்படையில் ஒரு மரை. ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும் அந்த மரையின் உருளையில் 50 கோடுகள் இருக்கும். ஒரு கோடு நகர்ந்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இந்தக் கருவியும் ஒரு போர் கேஜும் கையில் இருப்பவர் சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்காக இரண்டு திசைகளில் அளப்பார். ஆறு எண்கள் கிடைக்கும். ரிங் ஏறி நிற்கும் மேல்பகுதியில், பிஸ்டன் அழுத்தும் திசையில் எண் பெரிதாக இருந்தால், தேய்மானம் எங்கே, எவ்வளவு என்பது தாளில் வந்துவிட்டது. ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயில் எரிகிறது என்பது தெரியும். அது ரிங் வழியாக ஏறுகிறதா, வால்வு சீல் வழியாக இறங்குகிறதா என்பதைப் புகை சொல்லாது. அளக்காதவர் எல்லாவற்றுக்கும் போர் போட்டு, அதாவது சிலிண்டர் துளையைப் பெரிதாகக் கடைந்து, புது பிஸ்டன் மாட்டுவார். அந்த ஆறு எண்களும் கம்பெனி மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்தால், அளந்தவர் தம் கவனத்தை வால்வு சீல் பக்கம் திருப்புவார். அது மிகச் சிறிய செலவு. பின் சக்கர பிரேக் டிரம்மும் இப்படித்தான். 130 மில்லிமீட்டர் டிரம்முக்குப் பல வண்டிகளில் 131தான் எல்லை. அந்த எண் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 130.3 என்றால் கடைந்து சரிசெய்யலாம், 130.9 என்றால் கடையக் கூடாது. லேத் வைத்திருப்பதால் இந்த முடிவுக்கு வர முடியாது. அளவு தெரிந்தால்தான் முடியும்.

அளவுக்கு அடுத்தது கை. இன்ஜினின் சைடு கவரைப் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அலுமினியத்தில் இறங்கும் அந்த போல்ட்டுக்கு வேண்டிய முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு தம் கொடுத்து இறுக்கினால், போல்ட் தாங்கும், அலுமினிய மரை தாங்காது. இப்படி வழுக்கிய மரையைச் சரிசெய்ய லேத் வேண்டாம். சரியான அளவு டிரில் பிட், இன்செர்ட் போடுவதற்கென்று வரும் டாப், ஒரு கம்பிச்சுருள் இன்செர்ட், கொஞ்சம் மண்ணெண்ணெய், நேராகப் பிடிக்கும் கை ஆகியவை போதும். டாப்பை அரைச் சுற்று முன்னே திருகி, கால் சுற்று பின்னே திருப்ப வேண்டும். பின்னே திருப்பும்போது சீவல் முறிந்து விழும் சின்ன ‘டிக்’ விரலில் தெரியும். அது தெரியாமல் போனால் சீவல் உள்ளே அடைத்துக்கொள்கிறது என்று பொருள். இன்னும் அழுத்தினால் டாப் உடையும். உடைந்த டாப்பைத் துளைக்குள்ளிருந்து எடுப்பது மரை போடுவதைவிடப் பத்து மடங்கு பெரிய வேலை. இந்த உணர்வை எந்த மெஷினும் விலைக்குத் தராது. வைஸில் பிடித்த இரும்புத் துண்டைப் பல நாள் அரத்தால் ராவிய கைக்கு அது தானாக வரும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவரைத் தொடக்கத்தில் அரமும் ஹாக்ஸாவும் கொடுத்து இரும்புக் கட்டையோடு நிறுத்திவைப்பது இதற்காகத்தான்.

மெஷின் தன் வேலையைக் குறையில்லாமல் முடித்த பிறகும் கடைசித் தீர்ப்பு கையிடமே வருகிறது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியின் சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் போர்ட் துளைகள் உண்டு. போர் போட்டு வந்த சிலிண்டரில் அந்தத் துளைகளின் ஓரம் கத்தி முனைபோல் இருக்கும். அதை மெல்லிய அரத்தாலோ எண்ணெய்க் கல்லாலோ கையால் மழுக்க வேண்டும். மழுக்காமல் மாட்டினால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும் பிஸ்டன் ரிங் அந்த ஓரத்தில் சிக்கி உடையும். புது பிஸ்டனும் புது போரும் சேர்ந்து போகும். போர் மெஷின் பல லட்சம் பெறும். அதன் வேலையைக் காப்பாற்றுவது சில நூறு ரூபாய் அரத்தின் பத்து இழுப்புகள். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு தெரிந்திருக்கும். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்து வடிவமைப்பைக் கொண்டுவந்தபோது அதன் மரைகளையும் கொண்டுவந்தது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டின் கோணம் 60 டிகிரி. ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று ஒன்றுக்குள் மற்றொன்றை முறுக்கினால் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் மரையைத் தின்றுவிடும். இருபது தகடுகளுள்ள ஒரு மரை கேஜ், பழைய வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு மெஷினைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

‘எல்லாம் சரி, லேத் இல்லாமல் பட்டறை என்ன பட்டறை?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மினி லேத்தால் ஆகும் வேலைகள் உண்டு. ஸ்பேசர், சின்ன புஷ், கழற்றும் புல்லர், கேபிள் நிப்பிள் எல்லாம் அதில் அழகாக வரும். ஆனால், எந்த வேலைகளை மனத்தில் வைத்து அதை வாங்குகிறார்களோ, அவற்றில் பெரும்பாலானவை அதில் ஆகாது. இன்றைய அலாய் வீலில் பிரேக் டிரம் சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கும். அதைக் கடைய 17 அங்குலச் சக்கரம் முழுதாகச் சுழல வேண்டும். அதற்கு 450 மில்லிமீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். மேசை லேத்தில் சுழலக்கூடியது ஏறத்தாழ 180 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் போருக்குத் தனி மெஷினும் அதன்பின் ஹோனிங்கும் வேண்டும். கிராங்க் பிரித்துக் கோக்க பிரஸ் வேண்டும், டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்க்க வேண்டும். நாற்பது, ஐம்பது கிலோ எடையுள்ள லேத் அழுத்தி வெட்டும்போது அதிரும். அதிர்வு கடைந்த பரப்பில் அலையாகப் பதியும். ஊரில் உள்ள லேத் பட்டறையின் கனமான ஆறடி லேத்தில் அரை மணி நேரத்தில் முடியும் வேலையை வீட்டில் ஒரு ஞாயிறு முழுக்கச் செய்தாலும் அந்தத் தரம் வருவது கடினம். இதனால் லேத் தேவையில்லை என்று ஆகிவிடாது. வேண்டிய லேத் வீட்டுக்குள் அடங்காது என்பதே விஷயம். வீட்டுப் பட்டறைக்காரர் லேத்காரரிடம் கொண்டுபோக வேண்டியது சரியான அளவு எழுதிய ஒரு படம். ‘கொஞ்சம் லூசா இருக்கு, டைட்டா பண்ணிக் கொடுங்க’ என்பதற்கும் ‘வெளிவிட்டம் 19.98, உள்ளே 12.02’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த டர்னரும் மதிப்பார்.

பர்ட் மன்றோவைச் சுட்டிக்காட்டி மறுப்பவர்களும் உண்டு. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் ஒரு கொட்டகையில் வேலை செய்த அவர், 1920-ஆம் ஆண்டு இண்டியன் ஸ்கவுட் வண்டியை அமெரிக்காவின் போன்வில் உப்புவெளியில் 1967-இல் மணிக்கு 295 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சாதனை படைத்தவர். பழைய தகர டப்பாவில் உலோகத்தை வார்த்து பிஸ்டன் செய்தார். மைக்ரோமீட்டருக்குப் பதிலாக ஒரு பழைய சக்கரக் கம்பியைப் பயன்படுத்தினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படியானால் மைக்ரோமீட்டர் எதற்கு? அந்த ஸ்போக் கம்பியும் ஓர் அளவுகோல்தான். அளவு என்பதன் அடிப்படை ஒப்பிடுதல்: நம்பத்தகுந்த ஒன்றோடு நம்பத்தகாத ஒன்றைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது. மன்றோ அந்த ஒப்பீட்டை விடவில்லை. வண்டி வாங்கியதிலிருந்து அந்தச் சாதனை வரை 47 ஆண்டுகள். உடைந்த பாகங்களைத் திரும்பத் திரும்பச் செய்து கற்றுக்கொள்ள அந்தக் காலம் அவருக்குக் கிடைத்தது. நமக்கு அவ்வளவு பொறுமையும் காலமும் இல்லையென்றால், ஒரு நல்ல மைக்ரோமீட்டர் நூற்றுக்கணக்கான தவறுகளிலிருந்து நம்மைக் காப்பாற்றும்.

‘புதுப் பாகம் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?’ என்பது அடுத்த கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் மாடலுக்குக் கிடைக்கும். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றது. மைசூரில் யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையும் அதே ஆண்டு மூடப்பட்டது. அந்த வண்டிகளுக்குச் சந்தையில் வரும் பாகங்களில் அளவு பிசகியவையும் கலந்தே இருக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்ததும் அளந்து பார்க்காமல் மாட்டுவது புதுப் பாகத்தையும் பழைய இன்ஜினையும் சேர்த்துப் பணயம் வைப்பது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு வண்டியெல்லாம் சென்சாரும் கணினியுமாக மாறிவிட்டதே என்றும் சொல்வார்கள். எரிபொருள் ஊட்டும் விதம் மாறியிருக்கிறது; பேரிங், ஆக்சில், செயின், டிஸ்க், போல்ட் மரை எதுவும் மாறவில்லை. மின்சார வண்டியிலும் அவை இரும்பும் அலுமினியமும்தான். பொருளை ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தது. அந்தத் துறை கணக்கில் எடுத்த பொருள்களில் வாகனங்களும் உண்டு. உரிமை தாளில் கிடைத்தாலும், அதைப் பயன்படுத்தும் திறமை கையில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய கவலை எல்லா மறுப்புகளிலும் கனமானது. நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரின் தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழலும். காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் உடைந்த துண்டு முகத்தைத் தேடி வரும். டிரில்லிலும் லேத்திலும் கையுறை போட்டால், சுழலும் பிட் துணியோடு விரலை இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் இருந்த டேங்க் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். அதன்மேல் வெல்டிங் தீப்பொறி பட்டால் வெடிக்கும். வீட்டுக் கூடத்தில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இவை சின்ன ஆபத்துகள் அல்ல. அதனால்தான் இந்த வரிசை முக்கியமாகிறது. அளவிலும் வைஸிலும் அரத்திலும் பழகியவரின் கண்ணுக்கு, எந்தப் பொருளை எப்படிப் பிடித்தால் பறக்காது என்பது மெஷின் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். சேஸிஸிலும் ஃபோர்க்கிலும் வீட்டு வெல்டிங் கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. வீட்டுப் பட்டறையின் பெருமை, வண்டியைக் கம்பெனி சொன்ன அளவுக்குத் திருப்பிக் கொண்டுவருவதில் இருக்கிறது.

ஆகவே, ஆர்வம் உள்ள இளைஞருக்கு ஒரு வரிசை சொல்லலாம். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், மரை கேஜ் முதலில். பிறகு அசையாமல் தரையோடு பிணைத்த ஒரு மேசை, அதன்மேல் நான்கு அங்குலத்துக்குக் குறையாத பெஞ்ச் வைஸ், மூன்று நான்கு அரம், டார்க் ரென்ச், சென்னையில் செய்யப்படும் அடிசன் போன்ற தரமான டாப்பும் டிரில் பிட்டும். ஓராண்டு கழித்து ஒரு பெஞ்ச் டிரில். இவ்வளவும் ஒரு மினி லேத்தின் விலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேல் வேண்டிய மெஷின்களுக்கு அரசு கை கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாட்டா டெக்னாலஜீஸ் கூட்டுறவில் நவீன மையங்களாக மாற்றப்பட்டிருக்கின்றன. மக்கள் பணத்தில் வாங்கிய மெஷின்கள் அங்கே நிற்கின்றன. வகுப்பு முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஒரு சிறு கட்டணமும் பயிற்றுநரின் மேற்பார்வையும் வைத்து, அடிப்படைத் தேர்வில் தேறியவர்களுக்கு அந்தப் பட்டறைகளைத் திறந்துவிட வேண்டும். அந்தத் தேர்வும் எளிமையாக இருக்கட்டும்: ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து, அரத்தால் சதுரமாக்கி, அதன் அளவை நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைச் செய்யத் தெரிந்தவரிடம் லேத்தின் சாவியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.