பிடி அரிசியும் பிடி நேரமும்



விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு இன்னொரு பெயர் உண்டு. ‘பிடி அரிசிப் பள்ளிக்கூடம்’ என்பார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அவ்வாறு சேர்ந்த அரிசி, பள்ளியை நடத்த உதவியது. ஒரு பிடி அரிசியால் எந்தக் குடும்பமும் நொடித்துப் போகவில்லை. ஆனால் அந்தச் சிறு பழக்கம் விடாமல் தொடர்ந்ததால் பள்ளி நிலைத்தது.

இன்று நம் வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இல் தோன்றியது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த இருவருள் ஒருவரான அய்ய நாடாரின் பெயர் தாங்கிய கல்லூரி, 1963இல் சிவகாசியில் எழுந்தது. ஊர் மக்களின் உழைப்பால் வளர்ந்த கல்லூரிகள், ஊர்ப் பள்ளிகளுக்கு எதைத் திருப்பித் தர வேண்டும்? இதுதான் நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

ஒரு காலத்தில், விடியுமுன்னே பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து, சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பின்னர்ச் சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இப்போது குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்கள். இது பெரிய மாற்றம்தான். ஆனால், பெற்றோர் நாள்தோறும் கையாளும் மருந்தைப் பற்றி அந்தப் பள்ளி பேசுகிறதா?

2012 செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 35 பேருக்கு மேல் மாண்டனர். அன்று ஆசிரியர் தினம்!

விபத்துகளுக்குக் காரணம் பல. தொழிலாளியின் அறியாமை என்று சொல்லிக் கை கழுவுவது நியாயமன்று. விதியை மீறி வேலை வாங்குவோரும் உண்டு. ஆயினும், விதியின் காரணத்தை அறிந்தவருக்கே ‘இது தவறு’ என்று சொல்லும் துணிவு வரும்.

கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள். ஏன்? அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் புகுந்தால் வேதிவினை மெல்ல நடக்கும், வெப்பம் வெளிப்படும். அவ்வெப்பம் குவியலுக்குள்ளேயே தங்கிவிட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே கலவை தீப்பற்றக்கூடும். பருத்தி ஆடை உடுத்தச் சொல்வது ஏன்? நைலான் போன்ற துணிகள் உராயும்போது நிலைமின்சாரம் சேரும். அதிலிருந்து தெறிக்கும் சிறு பொறியே போதும்! வெப்ப உமிழ்வினையும் நிலைமின்சாரமும் உங்கள் பாடநூலில் உள்ளவையே. பாடநூலையும் வீட்டையும் இணைத்துக் காட்ட ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறார். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாம் நடந்தால் மரம் நடுவார்கள், தெருவைத் துப்புரவு செய்வார்கள். நல்லதுதான். ஆனால் எட்டாம் நாள் அந்தப் பள்ளிக்கு யார் வருவார்? 120 மணியில் பாதியை ஒரே பள்ளிக்கு ஒதுக்கினால், வாரம் 2 மணி வீதம் 30 வாரங்கள் வரலாம். இதைத்தான் நான் ‘பிடி நேரம்’ என்கிறேன்.

இது வெறுங்கனவன்று. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல், 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை வழி அறிவியல் கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. இரு தொண்டு நிறுவனங்கள் அதை நடத்தின. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாட்டா ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு தோளோடு தோள் நின்றனர். அங்கே சென்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து வடிவங்கள் செய்து காட்டினார். சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது என்பதைக் குழந்தைகள் தம் விரல்களால் உணர்ந்தனர். பிஞ்சு விரல்களைக் கூலிக்கு அமர்த்திய அதே தீக்குச்சி, அங்கே பாடக் கருவி ஆயிற்று! 2002இல் மாநில அரசு அம்முயற்சியை நிறுத்திவிட்டது. ஆனாலும் முப்பது ஆண்டுகள் நடந்ததே, அது சிறு சாதனையா?

“கல்லூரி மாணவருக்குப் பாடம் நடத்தத் தெரியுமா?” என்று சிலர் கேட்பர். தெரியாவிட்டால், பள்ளி ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளட்டும். முப்பது ஆண்டுகள் ஆலையில் உழைத்த ஓர் அம்மாவிடமும் கேட்டு அறியட்டும். கூட்டு முயற்சி என்றால் இரு பக்கமும் கற்க வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: பட்டாசு மருந்தைக் கலந்து பார்க்கும் சோதனை பள்ளியிலும் கூடாது, வீட்டிலும் கூடாது. தீக்குச்சியின் மருந்து முனையைக்கூட நீக்கிவிட்டே வடிவம் செய்யுங்கள்.

நண்பர்களே, கல்லூரி உங்களைத் தேடி வரும் என்று காத்திராதீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு கேள்வி ஏடு தொடங்குங்கள். பச்சை ஒளிக்குப் பேரியம் உப்பு ஏன் பயன்பட்டது? 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏன் தடை செய்தது? வீட்டில் எழும் இத்தகைய ஐயங்களை எழுதுங்கள். இருபது கேள்விகள் சேர்ந்ததும், தலைமை ஆசிரியர் வழியாக அருகிலுள்ள கல்லூரிக்கு அனுப்பி, “வாரம் ஒருமுறை வாருங்கள்” என்று அழையுங்கள்.

அன்று நம் முன்னோர் ஒரு பிடி அரிசி கேட்டார்கள். இன்று நீங்கள் ஒரு பிடி நேரம் கேளுங்கள். நாளை நீங்கள் கல்லூரிக்குப் போனதும் அதைக் கொடுக்க மறவாதீர்கள்!